தேசப்பனின் முகம்

மரக்காணம்
22.1.1973

மகள் தையல்நாயகிக்கு அப்பா காசிலிங்கம் எழுதுவது.

நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை சிவஞானமும் குழந்தையும் நலமென்று தபாலில் அறிந்தோம். பிள்ளை பெற்று இருபது நாள் ஆகாத உடம்பு. தம்பி தேசப்பனை நினைத்து அழுதுகொண்டு கிடக்காதே. நிறைமாதக்காரி நாலு நாள் கப்பலேறி வர முடியாதென்று இங்கே எல்லாருக்கும் தெரியும். யாரும் குறை சொல்லவில்லை.

கார்த்திகைப் புயல் அடித்து அவனைக் கொண்டுபோய் ஒன்றரை மாதமாகிறது. உப்பளத்தில் உடைந்த வரப்புகளைக் கட்டிப் பாத்திகளில் தண்ணீர் ஏற்றிவிட்டோம். அளத்து ஜனங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற வண்டியை இப்போது முறை வைத்து ஓட்டுகிறார்கள். தேசப்பன் ஒருத்தனாகப் பத்து வருஷம் ஓட்டினான். இப்போது ஏழு பேர். அப்படியும் சில நாள் பீப்பாய் காலியாக நிற்கிறது.

தொழிலாளர் சங்கத்தார் புதிதாக ஒரு படிப்பகம் கட்டுகிறார்கள். அவன் போய் வருஷம் திரும்புகிற அன்றைக்குத் திறந்து, அதில் தேசப்பன் படத்தை மாட்ட வேண்டும் என்கிறார்கள். வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. உன் கல்யாணப் படத்திலும் அவன் இல்லை. அன்றைக்குப் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். உனக்கு எப்போதாவது படம் ஏதும் அனுப்பினானா?

அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். உச்சி வெயிலில் அளத்துக்கு வந்து நிற்கிறாள். அந்நேரத்தில் பாத்தித் தண்ணீரில் வானம் இறங்கியிருக்கும். வரப்பில் நடக்கிறவன் மேகத்தின் மேல் நடப்பது போலத் தெரிவான். "அதோ போறான் பாருங்க" என்கிறாள். போகிறவன் அவனுடைய கூட்டாளி சேட்டு. அதைச் சொன்னால், "நடை நம்ம புள்ள நடைதான். முகந்தான் தெரிய மாட்டேங்குது. எனக்கு அவன் முகம் மறந்துட்டுதுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

பதில் போடு. குழந்தையைப் பனியில் வெளியே கொண்டுபோகாதே.

அப்பா


போர்ட் பிளேர்
19.2.1973

அப்பா அவர்களுக்குத் தையல்நாயகியின் வணக்கம்.

குழந்தை பால் குடித்துத் தூங்குகிறாள். அவர் மர ஆலைக்குப் போயிருக்கிறார். எனக்கு உடம்பு தேறிவிட்டது. அம்மாவை வெயிலில் விடாதீர்கள். தலைக்கு ஈரத்துணியாவது போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

படம் எதுவும் என்னிடம் இல்லை அப்பா.

ஆனால் முகம் இருக்கிறது. சொல்கிறேன், அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். காதுகள் இரண்டும் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும். உப்பு வாருகிற பலகை பட்டு இடது புருவம் பிளந்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. சிரித்தால் கீழ்ப்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறி நிற்பது தெரியும். கண்ணை எப்போதும் இடுக்கித்தான் பார்ப்பான். அளத்துப் பிள்ளைகள் எல்லாருமே அப்படித்தானே.

முந்தாநாள் பகலில் குழந்தையோடு கண்ணயர்ந்தேன். இந்தத் தீவே மெல்ல நகர்ந்து நம் ஊர்க் கால்வாய்க்குள் வந்து நிற்கிறது. தென்னைகளும் மழையும் அப்படியே இருக்கின்றன. தேசப்பன் கரையிலிருந்து வடம் வீசித் தீவை ஒரு முளையில் கட்டுகிறான். "இறங்குக்கா, தண்ணி முழங்காலுக்குத்தான் இருக்குது" என்கிறான். முகத்தைப் பார்க்க நிமிர்ந்தேன். ஒரே வெளிச்சம். விழித்துக்கொண்டேன்.

வேறு எழுத வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்நாயகி


மரக்காணம்
15.3.1973

மகள் தையலுக்கு,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்தேன். புருவத் தழும்பு வந்ததும் "ஆமா, ஆமா" என்றாள். அவளுக்குச் சளி மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இல்லை.

திண்டிவனத்திலிருந்து கடைப் பலகை எழுதுகிற நடராசன் என்பவரைச் சங்கத்தார் கூட்டிவந்தார்கள். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு வரைந்தார். ஆளுக்கொன்று சொன்னார்கள். மூக்கு நீளம் என்றான் சேட்டு. தேசப்பன் வண்டியில் வைத்துப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பெண்கள் நாலு பேர் வந்தார்கள். ஒருத்தி மீசை உண்டு என்றாள், இன்னொருத்தி இல்லவே இல்லை என்றாள். "எப்பவும் முன்னால உக்காந்து மாட்டைத்தான் பாத்துக்கினு போவாரு. நாங்க முதுகைத்தான் பாத்தோம்" என்றாள் மூன்றாமவள்.

ஐந்தாம் நாள் படம் முடிந்தது. நடராசன் கண்ணைப் பெரிது பெரிதாகப் போட்டுவிட்டார். அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்குதுப்பா. யாரு இது?" என்று கேட்டாள். அந்த மனுஷர் தூரிகையைக் கழுவப் போய்விட்டார்.

எக்கியார்குப்பத்திலிருந்து அப்பாவு என்கிற மீன்காரர் போன செவ்வாய்க்கிழமை மீன் கொண்டுவந்தார். நான் வெளியே வரவில்லை. புயலன்று அந்தக் குப்பத்து ஜனங்களைத்தான் தேசப்பன் வண்டியில் பள்ளிக்கூடத்துக்கு மூன்று நடை ஏற்றிவந்தான். நாலாவது நடையில் கண் தெரியாத முத்தம்மாள் ஒருத்திக்காகப் போனான். திரும்பும்போது ஓடையில் வண்டி கவிழ்ந்தது. அவளைச் சவுக்குமரத்தில் ஏற்றிவிட்டு அவன் வண்டிக்கடியில் போனான். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஏனோ எழுதிவிட்டேன்.

உன் பெட்டியில் இன்னொரு தரம் தேடிப் பார்.

அப்பா


போர்ட் பிளேர்
10.4.1973

தங்கை வசந்தாவுக்கு,

நீ என்னைப் பார்த்ததில்லை. நான் தேசப்பனின் அக்கா. உன் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைச் சேட்டு உன் கையில் மட்டும் கொடுப்பான்.

போன ஆவணியில் தம்பி எனக்கு ஒரு கடிதமும் ஒரு படமும் அனுப்பினான். நீயும் அவனும் புதுச்சேரி ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படம். உங்கள் குப்பத்து மணல் ஊற்றில் பத்து வருஷமாகத் தண்ணீர் எடுக்கப்போய் உன்னோடு பழக்கமென்றும், உன்னைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தான். "நம்ம ஜனம் வேற, அவங்க ஜனம் வேறன்னு அப்பா குதிப்பாரு. நீ ஒரு வார்த்தை எழுதுக்கா. உன் பேச்சைத்தான் கேப்பாரு." இப்படி எழுதியிருந்தான்.

நான் மூன்று மாதம் பதில் எழுதவில்லை. கடைசியில் எழுதினது அப்பாவுக்கு அல்ல, அவனுக்கு. அந்தப் பெண்ணை மறந்துவிடு என்று எழுதினேன். அவன் அதைப் படித்தானா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கிறேன்.

இப்போது என் அம்மாவுக்கு அவன் முகம் மறந்துகொண்டு வருகிறது. இருக்கிற ஒரே படம் என் பெட்டியில். அப்பாவிடம் இல்லையென்று பொய் சொல்லிவிட்டேன். அனுப்பினால் உன் முகமும் ஊருக்குள் வரும். நீ கல்யாணம் ஆக வேண்டிய பெண். எனக்கு வழி தெரியவில்லை. உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.

தையல்நாயகி


எக்கியார்குப்பம்
8.5.1973

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு வசந்தா எழுதுவது.

நாங்கள் இருக்கிறோம். உங்கள் குழந்தையும் நீங்களும் நன்றாக இருக்கச் சாமியைக் கும்பிடுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுக்கவும்.

அவங்க உங்கள் கடிதத்தைப் படிக்கவில்லை. புயலுக்கு முந்தின நாள்கூட ஊற்றுக்கரையில், "அக்கா லெட்டர் இந்தக் கப்பல்ல வந்துடும் பாரு" என்றார்கள்.

நான் ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது நடையில் எங்கள் வீட்டாரெல்லாம் பள்ளிக்கூடம் வந்து சேர்ந்துவிட்டோம். அவங்க சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றார்கள். பகல்தான், ஆனாலும் வானம் கறுத்து ஆள் அடையாளம் தெரியவில்லை. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்கள். அவரவர் தங்கள் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நான்தான், "முத்தம்மா தனியா இருக்குது, அதுக்குக் கண்ணு தெரியாதே" என்றேன். "சரி, போயிட்டு வந்துடுறேன்" என்றார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருக்க முடியுமா என்றும் தெரியவில்லை.

அனுமந்தையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வருகிறார்கள். அதற்காகச் சொல்லவில்லை. அவங்க அம்மாவுக்கு அவங்க முகம் தெரிய வேண்டும். என்னை வெட்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள் அக்கா. எனக்கு வருத்தமில்லை.

வசந்தா


போர்ட் பிளேர்
4.6.1973

அப்பா அவர்களுக்கு,

நலம். குழந்தை குப்புற விழுகிறாள். அம்மாவின் சளி எப்படி இருக்கிறது?

அப்பா, நான் பொய் எழுதினேன். படம் இருக்கிறது. அதில் தேசப்பனோடு ஒரு பெண் இருக்கிறாள். எக்கியார்குப்பம் அப்பாவு மகள் வசந்தா. அவளை அவன் கட்டிக்கொள்ள இருந்தான். உங்களிடம் பேசச் சொல்லி என்னைக் கேட்டான். நான் பேசவில்லை.

அவளைக் கேட்டேன். தன்னை வெட்டிவிட்டு அனுப்பச் சொல்கிறாள். நேற்றுக் கத்தரிக்கோலை எடுத்து உட்கார்ந்தேன். அவள் நாற்காலியில் இருக்கிறாள், அவன் பின்னால் நிற்கிறான். நாற்காலியின் முதுகில் வைத்திருக்கிற அவன் கை அவள் தோளைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. அவளை எடுத்தால் அவன் கையும் போய்விடும். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அப்படித்தான். கத்தரிக்கோலை வைத்துவிட்டேன்.

வெளியே மழை. நம் ஊரில் இந்நேரம் உப்பு பூத்திருக்கும். இங்கே மழைக்குள் உட்கார்ந்து அந்த வெள்ளையை நினைத்தால் எல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருக்கிறது.

முழுப் படத்தையும் அனுப்பட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

தையல்நாயகி


போர்ட் பிளேர்
23.7.1973

அப்பா அவர்களுக்கு,

மூன்று கப்பல் வந்துவிட்டது. உங்கள் கடிதம் இல்லை. தபால் பை பிரிக்கிற இடத்துக்கு அவரும் போய்க் கேட்டுவிட்டு வந்தார். கோபமென்றால் கோபத்தையாவது எழுதுங்கள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி.

தையல்நாயகி


மரக்காணம்
14.8.1973

மகள் தையலுக்கு,

அம்மா இருக்கிறாள். சாப்பாடு குறைந்துவிட்டது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். அதுதான் தாமதம்.

நானும் உன்னிடம் மறைத்தேன். பதினாறாம் நாள் காரியத்தன்று தபால்காரர் ஒரு கடிதம் கொடுத்தார். உன் கையெழுத்து, தேசப்பன் பேர். பிரித்துப் படித்தேன். 'அப்பா உயிரோடு இருக்கிறவரை சம்மதிக்க மாட்டார், நீ அனுப்பின படம் என் பெட்டியிலேயே இருக்கட்டும், அவளை மறந்துவிடு' என்று எழுதியிருந்தாய். ஆகவே படம் உன்னிடம் இருப்பது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் தையில் கேட்டு எழுதினேன். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நானாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. காரியம் முடிந்து திரும்பும்போது சவுக்குத் தோப்போரம் ஒரு பெண் நின்றாள். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "என் புள்ளையத்தான் உங்க குப்பத்துக்குக் குடுத்துட்டேனே. இன்னும் என்னா வேணும்?" என்றேன். அவள் மணலில் இறங்கிப் போய்விட்டாள். ஊர்ப் பெரியவன், மேஸ்திரி என்று என்னைச் சொல்கிறார்கள். அந்த வார்த்தையைச் சொன்னவனும் நான்தான்.

போன வாரம் தண்ணீர் வண்டிக்கு ஆள் வரவில்லை. நானே ஓட்டிக்கொண்டு போனேன். விடிந்து வெயில் ஏறவில்லை. குப்பத்து ஊற்றைச் சுற்றிப் புது மணலாக இருந்தது. அப்பாவு குழிக்குள் இறங்கித் தூர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் நீங்கதான் எடுக்குறீங்களா?"

"தம்பி இருக்குற வரைக்கும் தம்பிதான் எடுக்கும். இப்ப நாங்க எடுக்குறோம். இல்லன்னா உங்க வண்டிக்குத் தண்ணி தேறாதுங்களே."

எட்டு மாதமாக அவர்கள் எடுத்துவைத்த தண்ணீரை நாங்கள் குடித்திருக்கிறோம். எனக்குத் தெரியாது. நான் ஊற்றோரம் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"பாப்பா எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டுதுங்க" என்றார்.

"வெட்டிடச் சொல்லட்டுமா?"

"அதை அதுகிட்டயே கேளுங்க."

அந்தப் பெண் குடத்தோடு நின்றிருந்தாள். அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைத்தாள். "அம்மா பாக்கணும், அவ்ளோதாங்க. நான் அதுல இருந்தா பரவாயில்லன்னா முழுசாவே பாக்கட்டும்" என்றாள்.

வெட்டாமல் அனுப்பு. தபாலில் போடாதே. ஊருக்கு வருகிற நம்பிக்கையான ஆளிடம் கொடு.

நீ தேசப்பனுக்கு எழுதினது பொய்யில்லை தையல். என்னைப் பற்றித்தான் எழுதியிருந்தாய்.

அப்பா


மரக்காணம்
17.10.1973

மகள் தையலுக்கு,

மாப்பிள்ளையோடு ஆலையில் வேலை செய்கிற சவரிமுத்து வந்து படத்தைக் கையில் கொடுத்தார். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ் ஏறினார். நீங்கள் மூவரும் நலமென்று சொன்னார். குழந்தை தவழ்கிறாளாமே.

அம்மா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். முதலில் அவனைப் பார்க்கவில்லை. "இந்தப் பொண்ணு யாருங்க?" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், நான் தோப்போரம் பேசினது உட்பட. அவள் என்னைத் திட்டவில்லை. அதற்கப்புறம்தான் அவன் முகத்துக்கு வந்தாள். விரல் வைத்துத் தடவிப் பார்த்தாள்.

"கண்ணு இவ்ளோ பெருசா இவனுக்கு?" என்று கேட்டாள். பிறகு அவளே, "அளத்துக்குப் போற வரைக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. உப்பு வெளிச்சத்துல இடுக்கி இடுக்கிச் சின்னதாப் போச்சு. ஸ்டுடியோவுல வெயில் இல்ல பாருங்க, தொறந்துட்டான்" என்றாள். அப்போதுதான் அழுதாள். டிசம்பரிலிருந்து அவள் அழுததில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் என்னை அனுப்பி வசந்தாவைக் கூட்டிவரச் சொன்னாள். அப்பாவும் மகளும் வந்தார்கள். நாங்கள் இரண்டு ஆண்களும் வாசலிலேயே இருந்துகொண்டோம். உள்ளே அவர்கள் பேசுவது காதில் விழுந்தது. உங்க வீட்ல என்னா சாப்புடுவான், பாடுவானா, எம்மேல குறை சொல்வானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். "பாடுவாங்க. மாடு நின்னுடும்" என்றது அந்தப் பெண். அம்மா சிரித்தாள். அப்பாவு என்னைப் பார்த்தார். நான் கால்வாய்ப் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

முத்தம்மாளைப் பற்றி வசந்தா சொன்னாள் போலிருக்கிறது. அப்புறம் அம்மா குரல். "நீ சொல்லாட்டி அவனே இன்னொரு தரம் கேட்டிருப்பான். உனக்கு அவனைத் தெரியாதா?"

சங்கத்தார் படத்தைக் கேட்டபோது அம்மா கொடுக்கவில்லை. "அது வூட்டுப் படம். நடராசன் போட்டதையே மாட்டுங்க. கண்ணு அவன்தான் சரியாப் போட்டிருக்கான்" என்றாள். மூக்கையும் காதையும் மட்டும் சரிசெய்ய நடராசன் மறுபடி வருகிறார். அம்மா இப்போது உச்சியில் அளத்துக்கு வருவதில்லை. மழைக்காலம் தொடங்கிப் பாத்திகளெல்லாம் மூழ்கிவிட்டன. அதனாலா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்பா


மரக்காணம்
11.12.1973

என் தங்கம் தையலுக்கு அம்மா லட்சுமியம்மாள் சொல்லச் சொல்ல வசந்தா எழுதுவது.

அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் நல்லா இருக்கேன். ரெண்டு வேளையும் சாப்புடுறேன். உங்கப்பனுக்கு மூட்டுவலி, சொல்ல மாட்டாரு. படிப்பகம் தொறந்தாச்சு. எக்கியார்குப்பத்து ஜனமெல்லாம் வந்துச்சு. முத்தம்மா படத்தைக் கையால தடவிப் பாத்துட்டு, 'பெயிண்டு ஈரம் காயலையே'ன்னா. எல்லாரும் சிரிச்சோம். அன்னிக்குச் சிரிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல.

நீ தம்பிக்கு எழுதின லெட்டரை உங்கப்பன் படிச்சுக் காட்டுனாரு. அதை அவன் படிக்கல. படிச்சிருந்தாலும் அடுத்த கப்பல்ல திரும்பவும் உனக்குத்தான் எழுதியிருப்பான். உன்னை விட்டா அவனுக்கு யாரு இருக்குது சொல்லு. அதையே நெனச்சுக்கினு பாலைக் கெடுத்துக்காத.

இதை எழுதுற பொண்ணுக்குத் தையில கல்யாணம். அனுமந்தை மாப்பிள்ள, பேரு தங்கராசு. படத்தைப் பத்தி இவளே அவங்கிட்ட சொல்லியிருக்கா. 'எங்க சித்தியும் அந்த வண்டியிலதான் வந்துச்சு. அவரு மேல எனக்கு என்னா வருத்தம்'னு சொன்னானாம். நானும் உங்கப்பனும் கல்யாணத்துக்குப் போறோம். நீ தை பொறக்குறதுக்கு முன்னால கப்பல் ஏறிடு. என் பேத்தியை நான் இன்னும் தூக்கல."

அம்மா இவ்வளவுதான் சொன்னார்கள். கீழே கைநாட்டு வைத்திருக்கிறார்கள்.

இது நான் எழுதுவது. கட்டாயம் வாருங்கள் அக்கா. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முந்தியே வந்துவிட்டால் நல்லது. உங்களுக்கு அப்படியே அவங்க ஜாடை என்று அம்மா சொல்கிறார்கள். ஒரு தடவை உங்களைப் பார்த்துவிட்டு அனுமந்தைக்குப் போகிறேன்.

வசந்தா